மச்சான் பிடிக்கும் கயிறு

மேல்மாடிக் கடல்பக்க அறையின் பெரிய கண்ணாடியில் ஒரு வட்டம் மட்டும் துடைபட்டிருந்தது. மற்ற இடமெல்லாம் சோளகக் காற்று அள்ளிவந்து அப்பிய உப்பும் தூசியும். கடல் எது, வானம் எது என்று பிரிக்க முடியாதபடி கண்ணாடி கஞ்சி காய்ந்த சட்டியைப் போல வெளுத்துக் கிடந்தது. அதன் நடுவில், ஒரு முகம் கொள்ளும் அளவுக்கு, பளிச்சென்று ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் மட்டும் வானம் நீலமாகத் தெரிந்தது.

யசிந்தா கையிலிருந்த தலையணை உறையைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கிட்டப் போனாள். விரலால் தடவிப் பார்த்தாள். உள்பக்கம் சுத்தம், முந்தைய நாள் அவளே துடைத்தது. அழுக்கு முழுவதும் வெளியே. துடைபட்டதும் வெளியேதான். வட்டத்தின் ஓரத்தில் விரல்கள் இழுபட்ட கோடுகள்கூடத் தெரிந்தன, யாரோ உள்ளங்கையால் அவசரமாகத் தேய்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்த மாதிரி. நின்று எட்டிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? சுவரை ஒட்டி ஒரு முழம்கூட இல்லாத கொங்கிறீட் விளிம்பு. அதற்குக் கீழே மூன்று மாடிக்கு வெறும் காற்று, பிறகு மணல்.

விடுதியைக் கட்டிய அப்துல் றசாக் சிலாவத்துறைக்காரர். படுக்கையில் கிடந்தபடியே கடலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், தரையிலிருந்து கூரை வரைக்கும் திறக்க முடியாத ஒற்றைக் கண்ணாடி போட்டுவிட்டார். அதை வெளியே யார் துடைப்பது என்று யோசிக்க மறந்துவிட்டார். பக்கத்தில் காற்றுக்காக ஒடுக்கமான ஒரு யன்னல் மட்டும் திறக்கும். நீளக் கம்பில் தூரிகை கட்டிப் பார்த்தார்கள். கீழேயிருந்து எட்டவில்லை, பக்க யன்னலால் நீட்டினால் வளைய மறுத்தது. யந்திர ஏணி வந்தது. மணலில் சில்லுப் புதைந்து, வந்த வழியே இழுபட்டுப் போனது. காற்று விழுந்ததும் கம்பித் தட்டுக் கட்டித் துடைப்பிக்கலாம், அதுவரை ஒருவரும் அந்த யன்னலால் காலை வெளியே வைக்கக் கூடாது என்று றசாக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனிதர் நல்லவர். யசிந்தா வட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, ஏதாவது பறவை வந்து உரசியிருக்கும் பிள்ளை என்று சிரித்துவிட்டுப் போனார்.

பறவை தினமும் ஒரே இடத்தில் உரசுமா? சோளகம் இரவு பகலாக வீசியது. அலுமினியச் சட்டத்தின் இடுக்குகளில் அது நுழைந்து ஒரே சுருதியில் ஊளையிட்டது. தூரத்தில் காற்றாலைகளின் பெரிய இறகுகள் சுற்றுகிற சத்தம் பல்லுக்குள் நெரிகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. கண்ணாடியின் உப்பு ஒவ்வொரு நாளும் தடித்தது. வட்டம் மட்டும் ஒவ்வொரு காலையும் புதிதாக இருந்தது, சில நாள் ஈரம் கூடக் காயாமல். யசிந்தா அந்த அறையைக் கூட்டும்போது முதுகைச் சுவருக்குக் கொடுத்து நிற்கப் பழகினாள். கட்டிலை விரிக்கக் குனியும்போது கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, அதை யாரிடம் சொல்வது என்பதும் பயமாக இருந்தது.

வீட்டில் வின்சன்ட்டிடம்தான் சொன்னாள். அவள் புருசன் வின்சன்ட் பேசாலையில் சங்கு குளித்தவன். இப்போது கடலுக்குள் இறங்குவதில்லை. கரையில் உட்கார்ந்து ஆட்களுடைய கிழிந்த வலைகளைப் பொத்துகிறான். வட்டம் என்றதும் அவன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். எவ்வளவு உயரத்தில் என்று மட்டும் கேட்டான். யசிந்தா எழும்பி நின்று கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அந்த உயரத்துக்கு ஊரில் ஒரே ஒரு நெட்டையன்தான் இருந்தான். அவளுடைய அண்ணன் றொசாந்தன். அதை அவள் வாயால் சொல்லவில்லை, வின்சன்ட்டும் சொல்லவில்லை.

சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்குக்கு இறங்குகிற இந்தக் காலத்திலும், வின்சன்ட்டின் ஆட்கள் இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்குவதில்லை. கயிற்றின் மறுநுனியைப் படகில் பிடிப்பவன் மனைவியின் சகோதரனாக இருக்க வேண்டும்; மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய முறை. தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று தெரிந்தவன் கையை விடமாட்டான், அவ்வளவுதான் காரணம். ஒருதரம் சுண்டினால் சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டுதரம் சுண்டினால் இன்னும் கயிறு விடு. மூன்றுதரம் என்றால் தூக்கு. கயிறு பிடிப்பவன், பின்னால் யார் கூப்பிட்டாலும் தலையைத் திருப்பக் கூடாது.

றொசாந்தன் அப்படித்தான் வின்சன்ட்டுக்குக் கயிறு பிடித்தான், கலியாணம் முடிந்த நாளிலிருந்து. போன சோளகத்தில் ஒருநாள் வின்சன்ட்டுக்குக் காதுக்குள் குத்து. நான் இறங்குகிறேன் மச்சான், நீ பிடி என்று றொசாந்தன் சொல்ல, இரண்டு பேரும் இடம் மாறினார்கள். றொசாந்தன் கலியாணம் கட்டாதவன். அந்தக் கயிற்றில் யாருடைய தாலியும் தொங்கவில்லை. நடுப்பகலில் காற்று எழும்பிப் படகைக் கவிழ்க்கப் பார்த்தது. பின்னேரம் வின்சன்ட் தனியாகக் கரைக்கு வந்தான். கடலடிக் கற்பாரில் உரசிக் கயிறு அறுந்துவிட்டது என்றான், படகில் மிஞ்சிய துண்டையும் அலை கொண்டுபோய்விட்டது என்றான். உடல் கிடைக்கவில்லை. வெறும் பெட்டியை வைத்துத்தான் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். தாயும் தகப்பனும் முன்னமே போய்விட்டார்கள். அண்ணனும் போன பிறகு அவளுக்கென்று இந்த உலகத்தில் மிஞ்சியது வின்சன்ட் ஒருவன்தான்.

வெளியே போய்க் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி அவள் அவனை அரித்தெடுத்தாள். மடு மாதா திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்கள் அந்த அறையைக் கேட்டிருந்தார்கள், எப்படியும் துடைக்கத்தான் வேண்டும் என்று ஒரு சாட்டுச் சொன்னாள். உண்மையான காரணம் அவனுக்கும் தெரியும். கண்ணாடி முழுவதும் துடைபட்டுவிட்டால் வட்டம் என்று ஒன்று இருக்காது. வட்டம் இல்லாவிட்டால் அதற்குள் முகம் ஒன்று இருக்காது. அவளுக்கு நித்திரை வேண்டும். வின்சன்ட் மாட்டேன் என்றான். காற்று என்றான். கயிறு பிடிக்க ஆள் இல்லை என்றான். அண்ணனை நினைத்துத்தான் மறுக்கிறான் என்று அவள் நினைத்து, அவன்மேல் இன்னும் பாசம் வைத்தாள்.

பிறகு ஒரு காலை. பூட்டிய அறையைத் திறந்தபோது பக்க யன்னல் திறந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கொளுக்கியை அவள் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். தரை ஓடுகளில் ஈரம். கடல் தண்ணீர் என்று மணத்திலேயே தெரிந்தது. பாசி அழுகிய மணம், சங்குச் சதை வெயிலில் கிடக்கிற மணம். ஈரம் யன்னலடியிலிருந்து புறப்பட்டுக் கட்டிலைச் சுற்றி, அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற மூலைக்குப் போய் முடிந்திருந்தது. திரும்பிப் போன ஈரம் எங்கும் இல்லை. யசிந்தா கண்ணாடியைப் பார்த்தாள். வட்டம் அன்று துடைபடவில்லை. அதன்மேல் மெல்லிய உப்பு மூடத் தொடங்கியிருந்தது. அவள் அதை நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, தரையைத் துடைத்துவிட்டுக் கீழே ஓடினாள்.

அன்றிரவு அவள் சொன்னதைக் கேட்டு வின்சன்ட் பாயில் எழும்பி உட்கார்ந்தான். பிறகு இருட்டைப் பார்த்துச் சொன்னான்:

"நாளைக்கே துடைச்சுப் போடுவம். ஒரு பொட்டும் மிஞ்சக் கூடாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. றசாக் ஜும்ஆத் தொழுகைக்குச் சிலாவத்துறைக்குப் போய்விடுவார். விடுதியில் ஆட்கள் இல்லை. வெயில் கண்ணாடியில் விழுந்தால் தண்ணீர் உடனே காய்ந்து கோடு விழும், உச்சி கடப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று யசிந்தா எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தாள். உப்பை ஊறவைக்க நல்ல தண்ணீர் இரண்டு வாளி. உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும் என்பதால் முதலில் ஊற்ற ஒரு குவளை, பிறகு துடைக்கப் பழைய பருத்தித் துணி, கடைசியில் மினுக்க செய்தித்தாள். வின்சன்ட் நீல நிற நைலோன் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கடலுக்கென்று வாங்கி, ஒருநாளும் கடலைக் காணாத புதுக் கயிறு.

அறைக்குள் வந்ததும் அவன் வட்டத்துக்கு முன்னால் போய் நின்றான். அது அவனுடைய தலைக்கு மேலே இருந்தது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். மூலையில் இருந்த அலுமாரியை ஒருதரம் பார்த்தான். பிறகு கயிற்றின் ஒரு முனையைப் பக்க யன்னலோரத் தூணில் இறுக்கிக் கட்டினான், மறுமுனையை இடுப்பில் கட்டினான். இரண்டும் நல்ல முடிச்சுகள், கடற்காரனின் முடிச்சுகள். பிழை முடிச்சில் இல்லை. கயிறு முழு நீளத்துக்கும் இருந்தது, மிச்சம் யசிந்தாவின் காலடியில் குவிந்து கிடந்தது. கடலில் இறங்குபவனுக்குக் கயிறு தாராளமாக வேண்டும். சுவரில் நிற்பவனுக்குக் கட்டையாக வேண்டும். கயிறு என்றால் கடல் என்று பழகிய இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

"கயிறு ஆர் பிடிக்கிறது?" என்று அவன் கேட்டான், பதில் தெரிந்தும்.

"நான் பிடிக்கிறன்."

"பொம்பிளையள் பிடிக்கிறேல்லை, யசி."

"இது கடலே? தரைதானே. நீங்கள் போங்கோ, நான் விடமாட்டன்."

அவன் சிலுவை போட்டுக்கொண்டு பக்க யன்னலால் காலை வெளியே வைத்தான். காற்று அவனுடைய சேர்ட்டை ஊதிப் பெருப்பித்தது. ஒருகையால் சட்டத்தைப் பிடித்து, மறுகையில் வாளியோடு, வயிற்றைச் சுவரோடு ஒட்டி, விளிம்பில் பக்கவாட்டாக நகர்ந்து பெரிய கண்ணாடிக்கு முன்னால் போனான். போனதும் வெளுத்த உப்புக்குப் பின்னால் அவன் வெறும் நிழலாகிவிட்டான். வாளியைச் சட்டத்தில் கொழுவிய சத்தம். தண்ணீர் ஊற்றிய சத்தம். கயிறு ஒருதரம் சுண்டியது. சுகம். யசிந்தாவும் ஒருதரம் சுண்டினாள்.

உப்பு கரைந்து பால் நிறத்தில் வழிந்தது. துணி மேலேயிருந்து அகலமாக வர வர, கண்ணாடி துண்டு துண்டாகத் திறந்தது. முதலில் வானம். பிறகு அவனுடைய தூக்கிய கை, விரல்கள், ஈரமான மணிக்கட்டு. வட்டம் இருந்த இடத்தை அவன் திரும்பத் திரும்பத் தேய்த்தான், துணி கிழிகிற அளவுக்கு. அது போயிற்று. யசிந்தா சத்தம் போட்டு அழுதிருப்பாள், அவ்வளவு ஆறுதல். பிறகு அவனுடைய நெற்றி தெரிந்தது, கண்கள் தெரிந்தன. அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். கயிறு ஒருதரம் சுண்டியது. அவளும் சுண்டினாள்.

மார்பளவு கண்ணாடி துடைபட்டிருந்தபோது வின்சன்ட்டின் கை நின்றது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால், அவளுக்குப் பின்னால், அறைக்குள் எதையோ பார்த்தான். துடைத்த கண்ணாடி உள்ளேயும் காட்டும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே நிற்பவனுக்கு இப்போது அறை முழுவதும் தெரியும். கட்டில், கதிரை, கதவு. அலுமாரிக்குப் பக்கத்து மூலை.

அவனுடைய முகத்திலிருந்த நிறம் வடிந்துபோவதை அவள் பார்த்தாள். சிரிப்பு வாயிலேயே கிடந்தது, கண்கள் மட்டும் மாறின. றசாக் வந்துவிட்டாரோ? கதவு திறந்த சத்தம் கேட்கவில்லையே. பின்னால் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. தரை ஓட்டில் விழுந்து தெறிக்கிற தண்ணீர்ச் சத்தம். பாசி மணம் வந்தது. முதலில் மெல்லியதாக. பிறகு மூக்குக்குள், வாய்க்குள், நாக்கில் உப்பாக.

திரும்பிப் பார்க்கக் கூடாது. கயிறு பிடிப்பவர் திரும்பக் கூடாது. சின்ன வயதிலிருந்து கேட்டது அது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. அவள் கண்ணை வின்சன்ட்டின் முகத்திலேயே வைத்திருந்தாள். அவனுடைய உதடுகள் அசைந்தன. கண்ணாடியும் காற்றும் சத்தத்தை விழுங்கிவிட்டன. ஆனால் அந்தச் சொல்லை அவள் அவனுடைய வாயில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள்.

மச்சான்.

அவன் பின்னால் நகர்ந்தான். பின்னால் விளிம்பு இல்லை.

கயிறு அவளை இழுத்து யன்னல் சுவரோடு மோதவைத்தது. முழங்கால் சுவரில் அடிபட்டது, தோள்மூட்டு கழன்ற மாதிரி இருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்து நைலோன் எரிந்தது. பிடித்தாள். எப்படிப் பிடித்தாள் என்று தெரியவில்லை, பிடித்தாள். வெளியே வாளி கீழே போய் விழுகிற சத்தம் நெடுநேரம் கழித்துக் கேட்டது. கண்ணாடியின் அடியில், துடைபடாத உப்புக்குப் பின்னால், அவனுடைய முகம் கறுப்பாக ஆடியது. விளிம்பைப் பற்றப் பார்க்கிற விரல்கள். ஈரம். வழுக்கியது. மறுபடி பற்றின. வழுக்கியது.

கைவிட்டால் என்ன நடக்கும் என்று அவள் காலடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். குவிந்து கிடந்த அவ்வளவு கயிறும் ஓடி முடிந்த பிறகுதான் தூண் இழுக்கும். அதற்குள் அவன் மணலுக்குப் போய்விடுவான். அவனை நிறுத்தி வைத்திருப்பது தூண் இல்லை. இந்த இரண்டு கைகள். தும்புத்தடி பிடித்துத் தரை கூட்டுகிற கைகள்.

கயிறு மூன்றுதரம் சுண்டியது. தூக்கு.

அவள் இழுத்தாள். ஒரு சாண் வந்தது. போயிற்று. மறுபடி இழுத்தாள். வரவில்லை. ஐயோ மாதாவே என்றாள். றசாக் நானா என்று கத்தினாள், கீழே ஒருவரும் இல்லை என்று தெரிந்தும். அந்தோனியாரைக் கூப்பிட்டாள், மடு மாதாவைக் கூப்பிட்டாள். விரல்கள் தாமாகவே திறக்கப் பார்த்தன. இரத்தத்தில் கயிறு வழுக்கியது. அவள் போட்ட கூச்சல் எல்லாம் தீர்ந்து, அடியில் கிடந்த ஒரே ஒரு கூப்பாடு வாயால் வந்தது.

"அண்ணா, வந்து பிடியுங்கோ."

பாரம் குறைந்தது.

அப்படியே குறைந்தது. யாரோ பின்னால் நின்று கயிற்றைத் தாங்கிவிட்டார்கள். அவளுடைய தோள்கள் தளர்ந்தன, மூச்சு வெளியே வந்தது, கண்ணீர் வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. பிறகு முதுகில் குளிர். சட்டையோடு சேர்ந்து நனைகிற குளிர். அவளுடைய இரண்டு பக்கத்தாலும் இரண்டு கைகள் முன்னுக்கு நீண்டு வந்து, அவளுடைய கைகளுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தன. நீளமான கைகள். வெளுத்து ஊதிப்போன கைகள். நகங்களின் இடுக்கில் மணல். நெட்டையன் ஒருவன் குனிந்து பிடிக்கிற விதமாக, மோவாய் அவளுடைய உச்சந்தலைக்கு மேலே. அங்கிருந்து சொட்டுகள் அவளுடைய நெற்றியில் விழுந்து, கண்ணுக்குள் போய்க் கரித்தன.

அவள் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை.

"அண்ணா," என்றாள். "அவரைத் தூக்குங்கோ அண்ணா. எனக்கு ஒருத்தரும் இல்லை."

கயிறு மூன்றுதரம் சுண்டியது. கைகள் இழுக்கவில்லை. மறுபடி மூன்றுதரம், அவசரமாக. கைகள் இழுக்கவுமில்லை, விடவுமில்லை. சங்குப் படுக்கைக்கு மேலே படகில் நிற்பவனுடைய பொறுமையோடு பிடித்துக்கொண்டு நின்றன.

பிறகு கயிறு விட்டன.

ஒரு கை பிடிக்க மறுகை விடும். அது பிடிக்க இது விடும். கடலில் ஆள் இறங்கும்போது விடுகிற மாதிரி, நிதானமாக. அவள் தன் கைகளை இறுக்கினாள். கயிறு அவற்றுக்குள்ளால் ஓடியது, இருந்த தோலையும் கொண்டுபோனது. திறந்த யன்னலுக்கு வெளியே, கொங்கிறீட் விளிம்பில் வின்சன்ட்டின் விரல்கள் தெரிந்தன. பிறகு நகங்கள் மட்டும். பிறகு கடல்.

காலடிக் குவியல் குறைந்தது. ஒரு சுருள். இன்னொரு சுருள். தீர்ந்தது. தூண் இழுக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இழுக்கவில்லை. தூணில் நீல முடிச்சு கட்டியபடி அப்படியே இறுகி இருந்தது. ஆனாலும் கயிறு போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து, அவளுடைய விலாவுக்குப் பக்கத்தால் வந்து, அவளுடைய கைகளுக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது. நீலம் முடிந்தது. ஒரு பிணைப்பு வந்தது. அதற்குப் பிறகு வந்தது பழைய கயிறு. கறுத்து, பாசி பிடித்து, தண்ணீர் ஊறி, பாரமான கயிறு.

பிணைப்பு அவளுடைய விரல்களுக்கு மேலால் மெல்லப் போனது. கையால் தொட்டுப் பார்க்கச் சொல்கிற மாதிரி மெல்ல. பழைய கயிற்றின் நுனி பிணைப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாரில் உரசி அறுந்த கயிறு நார் நாராகப் பிரிந்து கிடக்கும்; பேசாலையில் பிறந்த எவருக்கும் அது தெரியும். இந்த நுனியில் ஒரு நாரும் பிரியவில்லை. ஒரே வீச்சில், கூர்க்கத்தியால், நேராக வெட்டிய நுனி.

அன்றைக்குப் படகில் இருந்த கத்தி ஒன்றுதான். படகில் இருந்த ஆளும் ஒருவன்தான்.

அவள் அலறினாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. வெட்டினான் என்று தெரிந்த பிறகும் அவளுடைய கைகள் கயிற்றை விடவில்லை. கொலைகாரனோ யாரோ, அவளுக்கு இருப்பது அவன் ஒருவன். நகங்கள் பெயர்ந்தன. பிடித்தாள்.

"காணும் அண்ணா. போதும். எனக்காக."

சொட்டுகள். ஒரு கை பிடிக்க மறுகை விடும்.

அவன் எங்கே? இவ்வளவு கயிற்றுக்கு அவன் எப்போதோ மணலில் இருக்க வேண்டும். விழுந்த சத்தம் இல்லை. அவள் யன்னலால் தலையை நீட்டிக் கீழே பார்த்தாள். மூன்று மாடிக்குக் கீழே வெயில் காய்கிற வெள்ளை மணல். கவிழ்ந்த வாளி. அதற்குப் பக்கத்தில் ஒரு கழுதை நின்று புல்லைத் தேடிக்கொண்டிருந்தது. வின்சன்ட் இல்லை. கயிறு சுவரை ஒட்டி நேராக இறங்கி, காய்ந்த மணலுக்குள் போனது. குழி இல்லை. ஒரு மணலும் அசையவில்லை. தண்ணீருக்குள் போகிற மாதிரி, தடையில்லாமல், போய்க்கொண்டே இருந்தது.

கயிறு மூன்றுதரம் சுண்டியது.

ஆழத்திலிருந்து.

வெளுத்த கைகள் அவளுடைய கைகளுக்கு முன்னால் அசைந்தன. ஒன்று பிடித்தது. மற்றது விட்டது.

மூன்றுதரம். இன்னும் ஆழத்திலிருந்து.